இடது காதுக்காரர்கள்

1

அக்கரையில் நான் பிறந்த ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். போன தடவை நான் எழுதியனுப்பிய குறிப்பில், ஜப்பான்காரன் போட்ட குண்டில் என் இடது காது போன கதை வந்திருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கடலை மடிக்கக் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் நிஜம். குண்டு விழுந்ததும் நிஜம்தான். எனக்கு ரொம்ப தூரத்தில் விழுந்தது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று எங்கள் காஜா பெராங் மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் இந்தக் குண்டு குறுக்கே கிடக்கிறது. தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பேர் சன்னாசி. ஏழு வயதில் அப்பன் ஆத்தாளோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினவன். ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். படிப்பு, அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. இன்றைக்கு மலாக்கா டவுனில் கல்யாணமா, கட்சிக் கூட்டமா, கோயில் விசேஷமா, சன்னாசி ஒலிபெருக்கி நிலையத்துக்கு ஆள் அனுப்பாமல் ஒன்றும் நடக்காது. வக்கீல் பேசினாலும் டாக்டர் பேசினாலும் பேச்சு என் குழாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நான் சுவிட்சைத் தட்டிவிட்டால் அத்தனை படிப்பும் சும்மா வாயை அசைத்துக்கொண்டு நிற்கும். சுதந்திரம் வருவதற்கு முன்னால் திடலுக்குத் திடல் "மெர்டேக்கா" என்று முழங்கினார்களே, அதில் பாதி முழக்கம் என் குழாயில் முழங்கியது. மலாயாவுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்ததில் எனக்கும் பங்குண்டு என்று நான் சொல்வதில்லை. யாராவது சொன்னால் தடுப்பதும் இல்லை.

சத்தம் ஜாஸ்தி என்று குறை சொல்ல ஆட்கள் வருவார்கள். போலீஸ்காரர் வந்திருக்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் அப்பாமார்கள் வந்திருக்கிறார்கள். தெங்கேராவில் ஒரு பெரிய மனுஷர் காரை நிறுத்தி இறங்கி வந்தே சொன்னார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "ஆகட்டும்" என்று தலையை ஆட்டி, பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு மேல் கையை வைத்து, அப்படியே எடுத்துவிடுவேன். அவர்களும் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மனசுதான் காரணம்.

2

ஒற்றைக் காதுக்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. பின்னால் நின்று கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் பார்ப்பேன். "முதலாளிக்கு மண்டைக்கனம், கூப்பிட்டாத் திரும்புறாரா பாரு" என்பார்கள். மண்டைக்கனமும் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. அதனால் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

உங்கள் ஊரைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. கோயில் எப்படி, குளம் எப்படி என்று கேட்டால் விழிப்பேன். ஒன்றே ஒன்று நினைவிருக்கிறது. அப்பன் தோளில் உட்கார்ந்திருக்கிறேன். மேளக்காரர்கள் தெருவின் அந்தக் கோடியிலிருந்து வந்து எங்களைக் கடந்து இந்தக் கோடிக்குப் போகிறார்கள். சத்தம் ஒரு காதில் நுழைந்து, தலைக்குள் நடந்து, மறு காதால் வெளியே போயிற்று. அந்த மாதிரி அப்புறம் ஒரு மேளமும் எனக்கு நடந்து போனதில்லை. இங்கே எல்லா மேளமும் ஒரே இடத்தில் நின்றுகொண்டே அடிக்கிறது.

காது போனது பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடம் என்றால் ரப்பர்ப் பால் எடை போடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகை. வாத்தியார் தனியாக இல்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியே வாத்தியார். காலையில் கூலிகளை வரிசையில் நிறுத்துகிற பெரட்டில் ஆள் எண்ணிவிட்டு, துரையிடம் வாங்க வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, நேரே எங்களிடம் வருவார். நாங்கள் தரையில் குனிந்து மணலில் எழுதிக்கொண்டிருப்போம். வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். கனைத்த உடனே எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முதலில் கண்ணில் பட்ட பிள்ளைக்கு ஓர் அறை. ஏன் என்று அறைந்த பிறகுதான் யோசிப்பார். அவருக்கு வலது கைப் பழக்கம். எதிரே நிற்கிற பிள்ளைக்கு அது இடது காது. அதனால் கனைப்பு கேட்டதும் எழுந்து நின்று இடது கையால் இடது காதைப் பொத்திக்கொள்வது எங்கள் வழக்கம். கும்பிடுவதற்கு முன்னால் நாங்கள் கற்றுக்கொண்ட மரியாதை அது.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஆறேழு பேர் இன்றைக்கும் மலாக்காவில் இருக்கிறோம். கல்யாண வீட்டில் எங்களைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். பந்தியில் இடது கோடி இலைக்கு அடித்துக்கொள்வோம். அங்கே உட்கார்ந்தால்தான் பேசுகிறவர்கள் எல்லாம் வலது பக்கம் இருப்பார்கள். லாரி ஓட்டுகிற முனியாண்டி ஒரு தடவை மாப்பிள்ளையின் தாய்மாமனையே எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கு "வாஸ்து" என்றான்.

காது எப்படிப் போயிற்று என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதே இல்லை. முனியாண்டி லாரி எஞ்சினைச் சொல்வான். எனக்கு ஜப்பான் குண்டு. என் மகள் கோமதி சின்ன வகுப்பில் இங்கிலீஷில் "என் தந்தை" என்று ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். அதில் குண்டு எங்கள் வீட்டுக் கிணற்றடியில் விழுந்தது. எங்களுக்குக் கிணறு கிடையாது.

3

பாப்பம்மாவுக்கு மட்டும் இரண்டு காதும் போயிற்று. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மணலில் எழுதினவள். ஒரு நாள் கனைப்பு கேட்டும் எழுந்திருக்கவில்லை. ஏதோ எழுத்தை முடித்துக்கொண்டிருந்தாள். இடது காதில் விழுந்தது. அவள் அழவில்லை. அழாததற்காக மறு கையால் வலது காதிலும் விழுந்தது. காதிலிருந்து ரத்தம் வந்ததைப் பார்த்ததும் கிராணியே பயந்துபோனார். அன்றைக்குச் சாயங்காலம் அவராகவே கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வந்து அவள் ஆத்தாளிடம், "பிள்ளைக்கு அம்மை போடப் போகுது, காது அடைச்சிருக்கு. அம்மனுக்கு ஏதோ குத்தம் வச்சிருக்கீங்க, வேண்டிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். லயமே நம்பியது. ஆத்தாள் வேண்டிக்கொண்டாள். அன்று முதல் வருஷா வருஷம் பாப்பம்மா தீச்சட்டி எடுக்கிறாள். ஆத்தாள் செத்த பிறகும் எடுக்கிறாள். தனக்கு நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எடுக்காமல் விட்டால் ஊர் பேசும். அவளுக்குக் கேட்காது, ஆனாலும் வாயசைவு தெரியுமே.

அவள் காஜா பெராங் முனையில் அப்பம் சுட்டு விற்கிறாள். விரலைக் காட்டினால் அத்தனை அப்பம். உதட்டைப் பார்த்தே தமிழ்ப் பேச்சைப் பிடித்துவிடுவாள். மலாய் உதடு அவளுக்கு ஓடாது. இந்த ஊரில் என்னை "டேய்" என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். ஒலிபெருக்கி முதலாளி என்றும் பார்ப்பதில்லை, பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்களே என்றும் பார்ப்பதில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து அரசாங்கம் ஓர் அறிவிப்புப் போட்டது. பழைய காலத்தில் பள்ளிக்கூடங்களில் அடிபட்டு உடம்பு கெட்டவர்கள் வந்து சொல்லலாம். விசாரித்து உண்மையென்று தெரிந்தால் ஆஸ்பத்திரி வைத்தியம், காதுக் கருவி, எழுத்து தெரியாதவர்களுக்குச் சாயங்கால வகுப்பு எல்லாம் கிடைக்கும். கோமதி அப்போது வாத்தியார் வேலைக்குப் பயிற்சியில் இருந்தாள். தபாலாபீஸ் பலகையில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் பாப்பம்மாவின் அப்பக் கடைக்குப் போய் வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

அவள் அப்பத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "கருவி குடுத்தா வாங்கிக்கிறேன். வேணாங்கல. ஆனா எனக்கு அது பெருசு இல்ல. அம்மன் குத்தம் இல்லன்னு அந்தாளு வாயால சொல்லணும். ஊரு கேக்கணும். சொல்ல வைப்பாங்களா உன் கவர்மெண்டு?"

"கவர்மெண்டு என்னுதா?"

"நீதானேடா சொதந்திரம் வாங்கிக் குடுத்த. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற."

மனு கொடுக்கப் போனோம். கவுண்டரில் இருந்த பையன், அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றான். யாரிடம் வாங்குவது என்று கோமதி கேட்டாள். அப்போதிருந்த வாத்தியாரிடம் என்றான்.

"அடி வாங்கினதுக்கு, அடிச்சவர்கிட்டயே அத்தாட்சி வாங்கிட்டு வரணுமா?" என்று கோமதி மலாயில் கேட்டுவிட்டு எனக்குத் தமிழிலும் ஒரு தரம் சொல்லிக் காட்டினாள்.

பையன் உள்ளே போய்க் கேட்டு வந்தான். அத்தாட்சி இல்லாவிட்டால் அதே வகுப்பில் படித்த ஒருவர் விசாரணையில் வந்து சொல்ல வேண்டும். வாத்தியாரையும் கூப்பிடுவார்கள்.

அதே வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். கோமதி என்னைப் பார்த்தாள். பாப்பம்மாவும் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மன்னர் படத்தைப் பார்த்தேன்.

4

என் கஷ்டத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுதந்திர தினக் கூட்டத்துக்குக் கூட்டம் என்னை மேடையில் ஏற்றி, "போரில் காது கொடுத்த நம் சன்னாசி" என்று மாலை போடுகிறார்கள். என் குழாயிலேயே அதைச் சொல்லி, நானே கேட்டு, நானே தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது போய், "குண்டு இல்லை, கிராணி அறைந்தது" என்றால் என்ன ஆகும்? குண்டில் காது போனால் வீரன். அறையில் போனால் அடிபட்ட பையன். ஐம்பதைத் தொட்ட வயதில் மறுபடியும் அடிபட்ட பையனாக எனக்கு மனமில்லை. அதுவும் கோமதி முன்னால்.

கோமதி ஏற்கெனவே என்னை விட்டு ஒரு பாகம் நகர்ந்துவிட்டாள். இங்கிலீஷில் யோசித்து, மலாயில் சிரித்து, சாப்பாடு கேட்கும்போது மட்டும் தமிழில் வருவாள். என் கையெழுத்தைப் பார்த்து, "அப்பா, இது 'ன'வா 'ண'வா?" என்பாள். நான் எழுதும் இந்தக் குறிப்பைக்கூட அவளால் சரளமாகப் படிக்க முடியாது. அவளிடம் என் கையிருப்பு அந்தக் குண்டு ஒன்றுதான்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். பாப்பம்மாவை அடித்ததைப் பார்த்தேன் என்று சொல்வேன். என்னை அடித்தாரா என்று கேட்டால், இல்லை என்பேன். அவளுக்கும் நியாயம், எனக்கும் குண்டு. இப்படித் தராசின் இரண்டு தட்டையும் சமமாக நிறுத்துகிற மூளை படித்தவர்களுக்கு வராது என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விசாரணை கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கி நானே இலவசமாகப் போட்டேன். உள்ளே ஒரு குழாய். முதல் நாள் கட்டும்போது பாப்பம்மா வந்து நின்றாள்.

"வெளியே ஒண்ணு மாட்டுடா."

"விசாரணை உள்ளதான் நடக்குது. வெளியே எதுக்கு?"

"குத்தம்னு சொன்னவங்கள்லாம் வெளியதானே இருக்காங்க."

இது என்னுடைய விசாரணை, தெரு கேட்கட்டும், எனக்குச் சம்மதம் என்று அதிகாரியிடமும் கோமதி மூலம் சொல்லிவிட்டாள். வெளியே ஒன்றுக்கு இரண்டாக மாட்டினேன்.

5

அதிகாரி ஒரு மலாய் இளைஞர். பணிவானவர். என்னை "பக்சிக்" என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க அவருடைய ஆபீசிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார். நெற்றியில் திருநீறு, பேர் சுப்பிரமணியம் பிள்ளை. அதிகாரிக்கு ரொம்ப நிம்மதி. பிள்ளை வாயைத் திறந்தார், மலாய். கம்போங் செட்டிக்காரர். அவர்கள் முன்னோர் நாங்கள் கப்பல் ஏறுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து இறங்கியவர்கள். சாமி கும்பிடுகிற வார்த்தைகள் தமிழில் இருக்கும், சண்டை போடுகிற வார்த்தைகள் மலாயில்.

"பெரியவரே, உங்களுக்குத் தமிழ் தெரியும்னுதானே கூட்டிட்டு வந்தேன்" என்று அதிகாரி கேட்க, பிள்ளை ரொம்ப மரியாதையாக, "பொங்கல் தெரியும், பூசை தெரியும், அதுக்கு மேல கேக்காதீங்க" என்றாராம். கோமதி எனக்குச் சொல்லிச் சிரித்தாள். கடைசியில் கோமதியே மொழிபெயர்ப்பாளர். என் வாயில் வருவதை என் மகளே மலாயில் சொல்ல வேண்டும். தந்திரத்தில் இது நான் எதிர்பாராத இடம்.

முன் வரிசையில் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர், இடது கோடி நாற்காலிக்கு இடித்துக்கொண்டு. நடுவில் பாப்பம்மா, வெற்றிலைப் பையோடு. முனியாண்டி லாரியை வெளியே நிறுத்திவிட்டுக் காப்பிக் கடை ஓரமாக நின்றான். உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கிராணி வாத்தியார் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார். தலை வெள்ளை, கோட்டு, கைத்தடி. தெங்கேராவில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்தப் பக்கத்துக் கோயிலில் அவருக்குத்தான் முதல் மாலை. சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். பாப்பம்மாவை அடித்ததைப் பார்த்தேன் என்றேன். காதில் ரத்தம் வந்ததைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்; என் குரல் என் குழாயில் வரும்போது எனக்கே பிடிக்கும்.

"மற்றப் பிள்ளைகளையும் அடிப்பாரா என்று கேட்கிறார்" என்றாள் கோமதி.

"அடிப்பார்."

"உங்களை?"

"என்னைத் தொட்டதில்ல. நான் நல்லாப் படிக்கிற பிள்ளை."

"காது எப்படிப் போச்சுன்னு கேட்கிறார்."

"சப்பான் குண்டு. அதுதான் உனக்கே தெரியுமே, சொல்லு."

கோமதி சொன்னாள். குழந்தையிலிருந்து கேட்ட கதை இல்லையா, கையால் குண்டு விழுவதையெல்லாம் காட்டிச் சொன்னாள். அதிகாரி என் காதைப் பார்த்துத் தலைவணங்கினார். நான் மெல்ல வந்து என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கிராணி உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு பேசினார். கோமதி மொழிபெயர்த்தாள். "சன்னாசி சொன்னது சரி. அவன் மேல நான் கை வச்சதில்ல. அவனை மாதிரி வால் பையன் அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. அவனையே அடிக்காதவன், ஒரு பொம்பளப் பிள்ளையை அடிச்சிருப்பேனா? யோசிச்சுப் பாருங்க."

அதிகாரி யோசித்தார். அவர் யோசித்ததை நான் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்று, அதுவரை எழுதியதைத் திரும்பிப் படித்தது. பாப்பம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் மீசைக்குள் வாயை மறைத்துக்கொண்டேன். என் குண்டு, விழாத இடத்தில் எல்லாம் விழுந்துவிட்டு, கடைசியில் அவள் தலையில் விழுந்துவிட்டது.

அதிகாரி, "முன்னால் வந்து மைக்கில் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்" என்றார். கிராணி கைத்தடியை ஊன்றி வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார். நான் வழக்கம்போல் திருகைக் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

உள்ளே இருந்த குழாயில் ஒரு கனைப்பு, வெளியே இருந்த இரண்டு குழாயில் இரண்டு கனைப்பு. முன் வரிசையில் நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. இரும்புப் பட்டறைக்காரர் எழுந்து நின்றார். கோழிக் கடை ஆறுமுகம் எழுந்து நின்றான். பேரன் எடுத்தவள் ஒருத்தி முந்தானை விழ எழுந்து நின்றாள். எல்லோர் இடது கையும் இடது காதில். ஜன்னலுக்கு வெளியே முனியாண்டி, இவ்வளவு பெரிய மீசையோடு, காப்பிக் கிளாஸைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவில் விறைப்பாக நின்றான், காதைப் பொத்திக்கொண்டு.

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். என் வலது கை திருகின் மேல் இருந்தது. இடது கை எங்கே என்று பார்த்தேன். அது என்னைக் கேட்காமல் மேலே போயிருந்தது.

அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்துக் கோமதியிடம் ஏதோ கேட்டார். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக மலாயில் சொன்னாள். பிற்பாடு சுப்பிரமணியம் பிள்ளைதான் எனக்குப் புரிகிற கடைத்தெரு மலாயில் அதை விளக்கினார். சத்தம் அதிகம் என்று உன் அப்பா காதைப் பொத்துகிறாரா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவள் சொன்னது: "அந்தக் காது அவருக்குக் கேட்காது, ஐயா. கேட்காத காதைச் சத்தத்துக்காக யாரும் பொத்த மாட்டார்கள்."

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது ஒரே ஆள். பாப்பம்மா. அவளுக்குக் கனைப்பு கேட்கவில்லை. வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, "என்னடா எல்லாம் எந்திரிச்சிட்டீங்க, கூட்டம் முடிஞ்சிருச்சா?" என்றாள்.

கிராணி எங்களைப் பார்த்துப் பழக்கத்தில், "உக்காருங்க" என்றார். எல்லோரும் உட்கார்ந்தோம். உட்கார நாற்காலி இல்லாத நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன். வெளியே முனியாண்டி லாரியின் படியில் உட்கார்ந்தான். அதையும் அதிகாரி பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த அம்மா ஏன் எழுந்திருக்கவில்லை என்று உங்களைக் கேட்கிறார்" என்றாள் கோமதி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

கிராணி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் பள்ளிக்கூடம் மொத்தமும் தன் முன்னால் நரைத்துப் போய் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கண்டார் என்று நினைக்கிறேன்.

"அதுக்குக் காது கேக்காது."

"பிறவியிலிருந்தா?"

குழாயில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"பள்ளிக்கூடத்துக்கு வந்தப்பக் கேட்டுச்சு" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "அம்மை ஒண்ணும் இல்ல. அது நான் சொன்னது" என்றார்.

மூன்று குழாயிலும் அது போயிற்று. காப்பிக் கடையில் கேட்டது, கோயில் வாசலில் கேட்டது, லயத்திலிருந்து வந்து இந்தத் தெருவில் குடியேறிய அத்தனை பேருக்கும் கேட்டது. அவளுக்குத்தான் கேட்கவில்லை. கிராணியின் உதட்டை மைக் மறைத்திருந்தது.

"என்னடா சொன்னான்?" என்று என்னைக் கேட்டாள்.

மைக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. எழுந்து போய் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். "அம்மன் இல்லையாம்."

அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் மென்றாள். "வெளியே கேட்டுச்சா?"

தலையை ஆட்டினேன்.

"ரெண்டு கொழாயிலயும்?"

"ரெண்டுலயும்."

"சரி" என்றாள். கண்ணைத் துடைத்தது சுண்ணாம்புக் கை. அப்புறம் அதற்காக வேறு அழுதாள்.

6

கோமதியும் நானும் வீட்டுக்கு நடந்து வந்தோம். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"அப்பா, குண்டு?"

"அது வேற காதும்மா."

"வேற காது நல்லாக் கேக்குதே."

"அதான், சின்னக் குண்டு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் வலது பக்கத்துக்கு மாறி வந்து நடந்தாள். அதற்கு முன்னால் எப்போதும் பழக்கத்தில் இடது பக்கம் நடப்பாள். தானாகப் பேசிக்கொண்டே வருவாள், நான் பதில் சொல்வதில்லை என்று அவளுக்குக் குறை. நகர்ந்து போகிற பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நகர்வில் பாதி, அவள் எந்தப் பக்கம் நடந்தாள் என்பதில் இருந்திருக்கிறது. தன் வகுப்பில் பயன்படுத்த அவள் வாங்கி வைத்திருந்த பிரம்பு இப்போது எங்கள் சமையல்கட்டில் ஜன்னல் திரை தொங்குகிற கம்பியாக இருக்கிறது.

அரசாங்கக் காரியம், அரசாங்க வேகத்தில் நடந்தது. பாப்பம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ஆஸ்பத்திரி மறுபடி ஆபீசுக்கு அனுப்பியது, ஆபீஸ், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அவளிடமே கேட்டு எழுதியது. எங்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். நான் போவதாக இல்லை. இப்போது போகிறேன், மேற்பார்வைக்குத்தான். இடது கோடி நாற்காலி முனியாண்டிக்கு என்று முடிவாகிவிட்டதால் சண்டையில்லை. சொல்லிக் கொடுக்கிற பெண் வாசலில் வந்து முதலில் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். யாரோ அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

சுதந்திர தினக் கூட்டத்தில் இன்னமும் எனக்கு மாலை போடுகிறார்கள். "போரில்" என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். "காது கொடுத்த சன்னாசி" என்றே சொல்கிறார்கள். யாருக்குக் கொடுத்தேன் என்று கேட்பவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது சொல்கிறேன்.

கருவி இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் வந்தது. நெஞ்சில் மாட்டிக்கொள்கிற தீப்பெட்டி மாதிரி ஒன்று, அதிலிருந்து காதுக்கு ஒரு கம்பி. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பெட்டியில் இருப்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. மைக், திருகு, எல்லாம். என் தொழிலை அரசாங்கம் காப்பியடித்திருக்கிறது என்று பாப்பம்மாவிடம் சொன்னேன். "ஒன்னோடதை விட நல்லாருக்கு. இதோட வாயை மூடிக்கலாம்" என்று திருகைத் திருகிக் காட்டினாள்.

நேற்று திருவிழா. கோயில் வாசலில் நாலு குழாய் கட்டியிருந்தேன். தீச்சட்டி எடுக்கிறவர்கள் வரிசையில் வந்தார்கள். அவளைத் தேடினேன். வரிசையில் இல்லை. கம்போங் செட்டிப் பெண்கள் கெபாயா என்கிற மலாய்ச் சட்டை உடுத்திக்கொண்டு நிற்கிற இடத்தில், அவர்கள் நடுவில் நின்று கச்சான் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். ரவிக்கையில் அந்தப் பெட்டி. கையில் ஒரு சுமையும் இல்லை.

"இந்த வருசம் எடுக்கலியா?" என்றேன், வாயை அசைத்து அல்ல, குரலில்.

"எதுக்கு எடுக்கணும்? வேடிக்கை பாக்க வந்தேன்" என்றாள். இன்னொரு கடலையை உரித்தாள். பிறகு முகத்தைச் சுளித்து என் குழாயை அண்ணாந்து பார்த்தாள்.

"டேய் சன்னாசி. கொஞ்சம் கொறைடா. காது வலிக்குது."

சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். போலீஸ்காரர் ஒருவரும் நின்றிருந்தார். இந்த ஆள் யார் சொன்னாலும் குறைக்க மாட்டான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் பெட்டிக்குப் போனேன். திருகில் கையை வைத்தேன். குறைத்தேன்.